பூண்டுத் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள்

மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க, கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையிலிருந்து வந்து என்னைப் பார்த்த அம்மாவுக்கு,

மகளின் மார்க் நன்றாகவே இருக்கிறது, அதில் பயம் வேண்டாம். ஆனால் கோயம்புத்தூர் மாமா சொல்கிறார் என்று தோட்டத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டி கட்டப்போவது நீங்கள். பிடிக்காததை நான்கு வருடம் படிக்கப்போவது அவள்.

அறிவியல் கண்காட்சிக்கு அவள் செய்ததை போனில் காட்டினாளே, கவனித்தீர்களா? பழைய மெத்தை ஃபோமை இரண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தி, மேல் துண்டை மெதுவாகத் தள்ளுகிறாள். பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் போட்ட நேர்க்கோடுகள் வளைகின்றன. ஒட்டிய இடம் மட்டும் அசையவில்லை. திடீரென்று ஒரு மூலை வழுக்குகிறது, அது மறுமூலை வரை ஓடுகிறது. நிலநடுக்கத்தில் பாறைப் பிளவு விலகுவதும் இப்படித்தான்.

விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ரீட், பாறை பல வருடம் வளைந்து கடைசியில் விடுபட்டு நிமிர்கிறது என்று விளக்கினார். 1970களில் ஜேம்ஸ் புரூன் என்ற நிலநடுக்க ஆய்வாளர் பெரிய ஃபோம் கட்டைகளை வைத்தே அதைச் சோதித்தார். பாறையில் குறுக்கலை, அதாவது பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே முன்னே செல்லும் அதிர்வு, நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் ஓடும். ஃபோமில் சில பத்து மீட்டர்தான். அதனால் பிளவு பரவுவதைப் பக்கத்தில் நின்று அளக்கலாம். இமயமலையில் இருப்பதுபோல் ஒரு பாறை இன்னொன்றின்மேல் ஏறும் பிளவில் மேல்பக்கம்தான் அதிகம் குலுங்கும் என்பதையும் அவருடைய ஃபோம் காட்டியது.

இதற்கான படிப்பு புவி இயற்பியல், அதாவது பூமியை இயற்பியல் வழியில் ஆராய்வது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், கூடவே கணிதம்; செலவு உங்கள் கைக்குள் அடங்கும். அப்புறம் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. அதன்பின் யுபிஎஸ்சி புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. ஆராய்ச்சி என்றால் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், டேராடூன் வாடியா நிறுவனம். சம்பளத்துக்கு ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும், போட்டியும் கடுமை. கணக்கில் அவள் இன்னும் உழைத்தே ஆகவேண்டும். அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது?” என்று மாமா கேட்டாராம். நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு வருடத்துக்கு முன்பே நிலநடுக்கத்தைப் பதியும் நில அதிர்வுமானி வைத்திருந்தார்கள். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு மண்ணும் பாறையும் அந்நியமா?

சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்டு போன் வந்தால் கட்டாதீர்கள். மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.