எந்த நாலு பேர்? மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில்

கேள்வி: மீட்டிங்கில் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. எல்லோரும் அதையே நினைத்துச் சிரிப்பார்களோ?

பதில்: போன மாதம் அதே மீட்டிங்கில் வேறு யார் என்ன தப்பு செய்தார், நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் நடத்திய சோதனை ஒன்று 2000இல் வெளியானது. பாரி மானிலோ என்ற பாடகரின் படம் போட்ட, மாணவர்கள் போடக் கூச்சப்படும் டி-சர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் மாணவரை அனுப்பினார்கள். போட்டவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். யாருமே பார்க்கவில்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். சிலர் பார்த்திருப்பார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. சரியான கணக்கை ஒரு மெயிலில் அனுப்பிவிடுங்கள், போதும்.

கேள்வி: வயது 31. விசேஷ வீட்டுக்குப் போனாலே "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப்போறே?" என்கிறார்கள். போவதையே நிறுத்திவிட்டேன்.

பதில்: போகாமல் இருந்தால் அன்றைக்கு மனம் லேசாகிவிடும். சிக்கலே அதில்தான். 'தப்பித்தோம்' என்று மனம் பழகிக்கொள்கிறது. அப்புறம் அடுத்த பத்திரிகையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

அடுத்த விசேஷத்துக்கு அரை மணி நேரம் மட்டும் போய் வாருங்கள். கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பேர் கேட்பார்கள், பயம் பத்துக்கு எத்தனை. திரும்பி வந்து நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் பதினைந்து பேர் என்று எழுதிப் போனார். கேட்டது மூன்று பேர். அதில் ஒருவர் பதிலுக்குக்கூட நிற்கவில்லை, பந்திக்குப் போய்விட்டார்.

கேட்பவரிடம் சொல்ல ஒரு பதிலை மட்டும் தயாராக வைத்திருங்கள். "முடிவானதும் சொல்றேன் அத்தை, உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த கேள்வி வரும்.

கேள்வி: அப்படியானால் யார் பேச்சையும் காதில் வாங்க வேண்டாமா? நான் ரொம்பக் கோபப்படுவதாக என் மனைவி சொல்கிறார்.

பதில்: அதைக் கட்டாயம் காதில் வாங்குங்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பவர்களிடம் நாலு பெயரையும் கேட்பேன். பலருக்கு மூன்றாவது பெயரே வராது. 'தூக்கிப் போகவாவது நாலு பேர் வேண்டும்' என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ராத்திரி யார் துணைக்கு இருப்பார்? அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கு அது உங்கள் மனைவி.

கேள்வி: காலேஜ் சேர்ந்ததிலிருந்து கேன்டீனில் மற்றவர் முன்னால் சாப்பிடவே கை நடுங்குகிறது. இரண்டாம் வருஷம் வந்துவிட்டேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கும் போகவில்லை.

பதில்: தம்பி, இதை வெறும் கூச்சம் என்று விடாதீர்கள். இப்படிப்பட்ட பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் சாப்பாட்டையும் தடுத்தால், சமூகப் பதற்றக் கோளாறாக இருக்குமோ என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். சிகிச்சை உண்டு. மேலே சொன்ன பயிற்சியை இன்னும் சிறு சிறு படிகளாக, ஒருவர் வழிகாட்டச் செய்வது. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு முன் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பேச்சு வராவிட்டால் "எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றே ஆரம்பியுங்கள். வைவா விஷயத்தைத் துறைத்தலைவருக்கு எழுதியே கொடுத்துவிடலாம்.