இங்கிலாந்தில் பல சூரிய மின்பண்ணைகள் 49.9 மெகாவாட்டில் நிற்பது ஏன்?

தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை; சட்டத்தின் கோடு அங்கே இருந்தது, அவ்வளவுதான். 2008ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டப்படி, நிலத்தில் அமையும் மின்நிலையம் 50 மெகாவாட்டைத் தாண்டினால் உள்ளாட்சி மன்றம் அனுமதி தர முடியாது, அமைச்சர்தான் முடிவெடுப்பார். அந்த வழியில் ஆவணங்களும் செலவும் மலையாகக் குவியும். 60 மெகாவாட்டுக்காக அந்தப் பாடு யார் படுவார்? 49.9-இல் நிறுத்திக்கொண்டார்கள். (தவறென்று நான் சொல்ல மாட்டேன்.)

இதில் ஒரு நுணுக்கம்: கணக்கில் வருவது சூரியத் தகடுகளின் கூட்டுத்திறன் அல்ல, அவற்றின் நேர்திசை மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டரிலிருந்து வெளிவரும் மாறுதிசை மின்சாரம். அதனால் 49.9 என்று எழுதிய பண்ணையில் தகடுகள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

2025 டிசம்பர் 31 முதல் சூரிய மின்சாரத்துக்கு வரம்பு 100 மெகாவாட். 2016-இல் அமைச்சர் முடிவெடுக்கும் திட்டங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிலக் காற்றாலைகளும் அதே 100 மெகாவாட் வரம்புடன் அதற்குத் திரும்பிவிட்டன.