பெரிய மரம் சாய்ப்பது: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் 22 வருடமாக மரம் அறுக்கும் செயின் மெஷின் பிடிக்கிறேன். தென்னை, புளி, வேம்பு, தைலமரம் எல்லாம் சாய்த்திருக்கிறேன். கேள்விக்குப் போகும் முன் ஒன்று. மரத்தடிக்குப் போனதும் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை, தொங்கும் மட்டை, கரண்டு கம்பி, தேன்கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: 2 அடி விட்டமுள்ள வேம்பு. நினைத்த பக்கம் எப்படி விழ வைப்பது?

விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் போட வேண்டும். மேலிருந்து சாய்வாக ஒரு வெட்டு, கீழே படுக்கையாக ஒரு வெட்டு. இரண்டும் உள்ளே ஒரே கோட்டில் சேர வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டி உள்ளே போயிருந்தால் திரும்பச் சரி செய்யுங்கள். விட்டத்தில் கால் பங்கு ஆழம் போதும், உங்கள் மரத்துக்கு 6 அங்குலம். வாய் நன்றாக அகலமாகத் திறந்திருக்கட்டும்.

அப்புறம் எதிர்ப்பக்கம் வந்து, வாயின் உள்மூலைக்கு ஓர் அங்குலம் மேலே பின்வெட்டு. இதை முழுக்க அறுத்துவிடக் கூடாது. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை அங்குலம், கதவுக்குக் கீல் மாதிரி நிற்க வேண்டும். மரத்தைப் பிடித்து வழிகாட்டி இறக்குவது அந்தக் கீல்தான். அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். மெஷினின் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மரத்துக்குள் மறைந்ததும் பின்னால் ஆப்பு அடித்துவிடுங்கள். மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ இருக்கட்டும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் தெறிக்கும்.

மரம் அசைந்ததும் மெஷினை நிறுத்தி, பின்பக்கம் சாய்கோணமாக நடந்து விலகுங்கள். அந்த வழியை வெட்டுவதற்கு முன்பே சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். நேர் பின்னால் நிற்காதீர்கள், அடிமரம் எகிறிப் பின்னால் வரும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல 2 மடங்கு தள்ளி நிற்கட்டும்.

கேள்வி: புதிதாக மெஷின் வாங்க வேண்டும், எது நல்லது?

தென்னை, வேம்புக்கு 45 முதல் 50 சிசி, 18 அங்குல பார். புளி மாதிரி கனத்த மரத்துக்கு 60 சிசிக்கு மேல். பக்கத்து ஊரிலேயே ஸ்பேர் கிடைக்கிற கம்பெனியாகப் பாருங்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முன்பக்கம் சாய்ந்திருந்த தைலமரம் அறுக்கும்போதே நெடுக்காகப் பிளந்து, பின்பாதி நெஞ்சு உயரத்துக்கு உதைத்தது. ஏன்?

உயிரோடு கேட்கிறீர்களே, அதுவே பெரிது. சாய்ந்த மரத்தின் முதுகு முழுக்க இழுபட்டு நிற்கும். பின்வெட்டு பாதி போகும்போது பாரம் தாங்காமல் அடிமரம் மேல்நோக்கிக் கிழியும். தைலமரத்தில் இது அதிகம். இந்த மாதிரி மரத்தில், கீலுக்கு அளவு விட்டு பாரை நடுவில் குத்திச் செலுத்தி உள்ளே அறுத்துக்கொண்டு, பின்பக்கம் ஒரு பட்டை மட்டும் விட்டுவைத்து, கடைசியில் அதை அறுப்போம். ஆனால் குத்தும்போது பார் நுனியின் மேல் பாதி பட்டால் மெஷின் முகத்துக்கு எகிறும். நுனியின் கீழ்ப்பாதியால்தான் தொடங்க வேண்டும். படித்துவிட்டுச் செய்யாதீர்கள், தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுத்தரட்டும்.

கேள்வி: அண்ணே, எந்த மெஷின் வாங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன் தம்பி.

கேள்வி (ஒரத்தநாடு): ஆப்பு எதற்கு? டிராக்டரில் வடம் கட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அறுத்தால் போதும். 20 வருடமாக அப்படித்தான் செய்கிறோம்.

வடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் கட்டுகிறேன். விறைப்பாக என்பதுதான் ஆபத்து. நேராக நிற்கும் மரத்தை வெட்டும் முன்பே டிராக்டரால் இழுத்தால், அதைச் சாய்ந்த மரமாக நீங்களே ஆக்குகிறீர்கள். மேலே தைலமரக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

அவரே மறுபடி: வடம் தளர்ந்தால் காற்றடிக்கும்போது மரம் பின்னால் உட்கார்ந்து பாரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது என்ன செய்வீர்கள்?

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஆப்பு. வடத்தில் தொய்வு இல்லாமல் லேசாக இறுக்கி வையுங்கள், அவ்வளவுதான். மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கட்டுங்கள். கீல் சரியான கனத்துக்கு வந்ததும் அறுப்பதை நிறுத்தி, நீங்கள் விலகி, கையைக் காட்டிய பிறகு டிராக்டர் மெதுவாக நகரட்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

இன்னொருவர்: எங்களுக்கு நைலான் கயிறு அறுந்து, கொக்கி டிராக்டர் மட்கார்டை ஓட்டை போட்டுவிட்டது.

நைலான் ரப்பர் மாதிரி நீளும், அறுந்தால் அத்தனை வேகமும் திரும்பி வரும். கயிற்றின் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது. டிராக்டரும் மரம் விழும் கோட்டில் நிற்கக் கூடாது. வேறொரு மரத்தில் கப்பி கட்டி, பக்கவாட்டில் திருப்பி இழுங்கள். ஒரத்தநாட்டு அண்ணன் இதையாவது இன்றைக்கே மாற்ற வேண்டும்.

கேள்வி: தென்னையில் கீல் பிடிக்கவே இல்லை, முறிந்துவிட்டது.

தென்னைக்கு வைரம் வெளியேதான், உள்ளே சோறு. வேம்பு மாதிரி கீல் நின்று பிடிக்காது. நம்பாதீர்கள். வடம் கட்டுங்கள், மட்டையையும் குலையையும் முதலில் இறக்குங்கள்.

கேள்வி: பனையை வெட்டலாமா?

கலெக்டர் அனுமதி இல்லாமல் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. நான் பனைக்கு வருவதில்லை.

கேள்வி: கிளை கரண்டு கம்பியைத் தொடுகிறது.

தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் எல்லாம்.

கேள்வி: 50 சிசியா, 60 சிசியா?

எந்த மரம் என்று சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? மேலே படியுங்கள். மெஷினை விட, போகும் இடத்தில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் முக்கியம்.

கேள்வி: புயலில் வேரோடு சாய்ந்த மரத்தை எங்கே அறுப்பது?

2018 நவம்பர் 16-ல் கஜா அடித்த பிறகு மாதக்கணக்கில் இதே வேலை. ஒரு தோப்பில் வேர்க்குழியின் விளிம்பில் ஒரு பையன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் அடிமரத்தை அறுத்தேன். தண்டின் பாரம் போனதும், நட்டுக்குத்தலாக நின்ற வேர்க்கட்டி மண்ணோடு அப்படியே குழிக்குள் திரும்பிப் படுத்தது. அவன் சொம்பு அடியில் போய்விட்டது. அறுக்கும் முன் குழிக்குள் ஆளோ ஆடுமாடோ இல்லை என்று நடந்து போய்ப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 19 வயது, மரம் வெட்டும் ஆட்களோடு சேர்ந்திருக்கிறான். என்ன வாங்கித் தரலாம்?

அம்மா, செயின் தடுக்கும் கால்சட்டை வாங்குங்கள். செயின் பட்டால் உள்ளே இருக்கும் நார் இழுபட்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். வலை மூடியும் காது மூடியும் உள்ள ஹெல்மெட், கெட்டியான பூட்ஸ். கைலி, செருப்பு கூடவே கூடாது. தனியாக ஒரு நாளும் போகக் கூடாது. முதல் 2 மாதம் மெஷினைத் தொடாமல், கூட நின்று ஆப்பு எடுத்துக் கொடுக்கட்டும், மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்க்கட்டும். சேர்த்துக்கொண்டவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆளிடம் அனுப்புங்கள்.