பழைய ஃபியட் லீனியா: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: 2013 மாடல் லீனியா 1.3 மல்டிஜெட் டீசல் விலைக்கு வந்திருக்கிறது. 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனியே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது, பார்ட்ஸ் கிடைக்குமா?

பதில்: இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இதே 1.3 மல்டிஜெட் குடும்பத்தைத்தான் மாருதியும் டாடாவும் பல கார்களில் போட்டன. ஃபில்டர், டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) கிட் போன்றவை கிடைத்துவிடும். ஆனால் லீனியாவில் இருப்பது 93 பி.எஸ். (குதிரைத்திறன்) தரும் வேரியபிள் டர்போ; அதாவது, உள்ளே இதழ்கள் அசைந்து காற்றோட்டத்தை மாற்றும் வகை. 75 பி.எஸ். ஸ்விஃப்ட்டின் டர்போ இதற்குப் பொருந்தாது.

திண்டாட வைப்பது பாடி பார்ட்ஸ்தான். ஹெட்லைட், பம்பர், கண்ணாடி, கதவுக் கைப்பிடி எல்லாம் தேடித்தான் வாங்க வேண்டும். சின்ன இடிக்கே வண்டி ஒர்க்‌ஷாப்பில் வாரக்கணக்கில் நிற்கலாம். அடிபட்ட வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் சங்கிலி உரசுவதுபோல் கடகடவென்ற சத்தம் சில விநாடி நீடித்தால் செயின் தளர்ந்திருக்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. இந்த இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்பில் பிடிப்பதோ ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும் செயின் தேயும். ‘செயின்தானே, மாற்றவே வேண்டாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

பிறகு மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். 2,000 வரை மந்தமாக இருப்பது இந்த வண்டியின் சுபாவம். அதைத் தாண்டியும் இழுக்கவில்லை என்றால் டர்போ இதழ்களில் கரி படிந்திருக்கலாம், அல்லது ஹோஸில் காற்று கசியலாம். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டிகளில் கரி அதிகம் சேரும்.

வேகத்தடையில் ‘டொக்’ என்று கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்ந்திருக்கலாம். இவை சின்ன செலவு. ஸ்டீயரிங் ரேக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் பெரிய செலவு; விலையில் கட்டாயம் குறைத்துக் கேளுங்கள். ஆர்.சி. 2028-ல் முடிகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: நல்ல கார் என்கிறார்கள். பிறகு ஏன் விற்கவில்லை?

பதில்: கிராண்டே புன்டோவை அடிப்படையாக வைத்து, துருக்கி, பிரேசில், இந்தியா போன்ற சந்தைகளுக்காக உருவாக்கிய செடான் இது. 2006-ல் இஸ்தான்புல்லில் அறிமுகமாகி, துருக்கியின் புர்சாவில் தயாரானது. 2009-ல் இங்கே வந்தது. புனே அருகே ரஞ்சன்காவ்னில் டாடாவுடன் கூட்டாக நடத்திய ஆலையில் தயாரித்தார்கள். கனமான பாடி, குழி தெரியாத சவாரி, 500 லிட்டர் டிக்கி என்று பாராட்டு குவிந்தது. ஆனால் விற்பனையும் சர்வீஸும் டாடா ஷோரூம்கள் வழியாக நடந்தன. ஒரே கூரையின் கீழ் டாடா கார்களோடு போட்டியிட்டு ஃபியட் தோற்றது. தனி ஷோரூம்கள் வந்தபோது பெயர் கெட்டுவிட்டிருந்தது.

ஐரோப்பாவில் 2007-ல் பெற்ற 5 நட்சத்திரப் பாதுகாப்பைச் சொல்லி இங்கே விற்பார்கள். அது ஏர்பேக்குகளோடு சோதித்த வண்டி. அந்தக் கால ‘ஆக்டிவ்’ வேரியன்டில் ஏர்பேக்கே கிடையாது.

கேள்வி: லீனியாவின் டர்போ பெட்ரோல் மாடலான டி-ஜெட் எப்படி?

பதில்: ஓட்ட அதுதான் சுகம். ஆனால் அதில் செயினுக்குப் பதிலாக இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட்; அதைக் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிடுங்கள். சாதாரண 1.4 பெட்ரோலுக்கு இவ்வளவு கனத்தை இழுக்கத் தெம்பு போதாது. அதைத் தவிர்க்கலாம்.