பான்ஃபுக்கு வரப்போகும் மன்னார்குடித் தங்கச்சிக்கு

"வீட்டுக்காரருக்கு கனடாவில் பான்ஃப் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை. ஏப்ரலில் இரண்டு பேரும் கிளம்புகிறோம், எனக்கும் வேலை அனுமதி வந்துவிட்டது. மலையில் மூச்சு முட்டுமா, குளிர் தாங்குமா, என்னென்ன எடுத்து வரணும், அவர் வேலைக்குப் போனபின் நான் என்ன செய்வேன் அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்வியைத்தான் நீ முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், திருவையாற்றுப் பக்கம். சம்பா அறுப்பு நடக்கிறது. மிஷின் சத்தத்துக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்து எழுதுவதால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

மூச்சு முட்டாது. பான்ஃப் 1,383 மீட்டர் உயரம், ஏற்காட்டை விடத் தாழ்வு. ஊட்டி 2,240. கலியாணமானதும் ஊட்டிக்குப் போய் வந்திருப்பீர்களே, அது போதும். உயரத்தை விட என்னைப் படுத்தியது வானம். நாம் வயலின் விளிம்பு வரை வானம் பார்த்து வளர்ந்தவர்கள். நமக்குத் தெரிந்த மலை சுவாமிமலை, அதுவும் கட்டுமலை, 60 படி. பான்ஃபில் நாலு பக்கமும் மலை எழும்பி நிற்கும். 2014இல் போய் இறங்கிய வாரம் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. டிசம்பரில் பகலே ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான், அதிலும் பாதியை மலை மறைத்துவிடும். என் மாமியார் போனில் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு மலை இருக்கே, ஒண்ணுலகூட முருகன் இல்லையா?"

குளிர் மைனஸ் 30 வரை போகும். வறண்ட குளிர், மூக்கில் ரத்தம் வரும், உதடு வெடிக்கும். இரவில் மூக்குத் துவாரத்தில் வாஸ்லைன் தடவிக்கொள். திடீரென்று ஒரு நாள் 'சினூக்' என்று மேற்கிலிருந்து வெப்பக் காற்று இறங்கும், சில மணி நேரத்திலேயே பனி உருகி ஒழுகும். எனக்கு அன்றைக்குத் தலைவலி நிச்சயம். சென்னையில் விற்கிற குளிர்க் கோட்டு வாங்கிக் காசைக் கரியாக்காதே. பக்கத்துப் பெரிய நகரமான கால்கரியில் பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டும் பூட்ஸும் மலிவாகக் கிடைக்கும்.

இப்போது வீடு. இதை உன் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் படி. பான்ஃப் ஊரே தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பொதுவாக அங்கே வேலையோ தொழிலோ உள்ளவர்களும் அவர்கள் குடும்பமும்தான் குடியிருக்கலாம் என்பது சட்டம். அதனால் வீடு கிடைப்பது அரிது, பெரும்பாலும் முதலாளி கொடுக்கும் ஸ்டாஃப் அறைதான். வேலை போனால் அறையும் போகும். என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்த இடத்தில் "தம்பதிக்குத் தனி அறை" என்று போனில் சொன்னார்கள். போய் நின்றால் அவருக்கு மேல்மாடியில் ஒரு படுக்கை, எனக்குக் கீழே இன்னொரு பெண்ணோடு ஒரு படுக்கை. ஏழு வாரம் புருஷனைப் பார்க்கப் படியேறிப் போனேன். இன்றைக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறையா, சமைக்கலாமா, சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். 25 கிலோமீட்டரில் கேன்மோர் என்ற ஊர் இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. ஆனால் அங்கேயும் வாடகை கண்ணைக் கட்டும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

கிச்சன் வேலை என்றால் அவர் மத்தியானம் போய் நடுராத்திரி வருவார். லீவு செவ்வாய், புதனில் விழும். நான் முதல் ஆறு மாதம் வேலை தேடவே இல்லை. என் சம்பளம் போதும், நீ பழகிக்கொள் என்றார் என் வீட்டுக்காரர், நல்ல மனசோடுதான் சொன்னார். நவம்பர் வந்தது. நாலரை மணிக்கு இருட்டு. சுற்றுலாக்காரர்களால் தெரு நிறைந்திருந்தாலும் என் பேர் தெரிந்தவர் ஒருவர் இல்லை. ஒரு நாள் வத்தக்குழம்புக்கு மிளகாய் தாளித்தேன், புகை அலாரம் வீறிட்டது. பக்கத்து அறை பிலிப்பைன்ஸ் அக்கா துண்டோடு ஓடி வந்து அலாரத்துக்குக் கீழே விசிறினாள். அவள்தான் அந்த ஊரில் என்னிடம் உட்கார்ந்து பேசிய முதல் ஆள். மறுவாரமே அவள் வேலை செய்த லாண்டரிக்கு என்னைக் கூட்டிப் போனாள். குறைந்தபட்சக் கூலி அந்த மாகாணத்தில் 2018 முதல் மணிக்கு 15 டாலர். சம்பளத்தை விட, பத்துப் பேர் "நேத்து ஏன் வரலை?" என்று கேட்டதுதான் எனக்கு மருந்து.

நீ ஏப்ரலில் வருவது நல்ல காலம். மே மாதம் கோடை சீசனுக்கு எல்லோரும் ஆள் எடுப்பார்கள். வந்த வாரமே ஹெல்த் கார்டுக்கு (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை) எழுதிப்போடு, அடுத்த வாரம் வேலை தேடு. அவர் வேண்டாம் என்றாலும் தேடு. நவம்பருக்குள் உனக்கென்று நாலு பேர் இருக்க வேண்டும்.

மிருகங்கள் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்க் என்ற பெரிய மான் தெருவில் மாடு மாதிரி நிற்கும். மாட்டுப்பொங்கல் ஞாபகத்தில் நான் கிட்டே போய்விட்டேன், ஒருவர் கத்தி நிறுத்தினார். 30 மீட்டர் தள்ளி நிற்பது விதி, கரடிக்கு 100. குப்பைத் தொட்டி கரடியால் திறக்க முடியாதபடி செய்தது. முதல் நாள் என்னாலும் முடியவில்லை, கைப்பிடிக்குள் விரலை விட்டு அழுத்த வேண்டும்.

ஆறு உண்டு, போ ஆறு. மேட்டூர் திறக்கிற ஜூனில்தான் அதுவும் பனி உருகிப் பெருகும். நம் ஆற்றுப் புதுவெள்ளம் செம்மண் நிறம், அது பச்சையும் நீலமுமாக ஓடும். பதினெட்டாம் பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்க் கரையில் சாப்பிடுவோம். பூங்கா என்பதால் தண்ணீரில் எதுவும் விடுவதில்லை. காலை நனைத்தால் எலும்பு வலிக்கும்.

சாமானா? அரிசி, பருப்பு, புளி எல்லாம் கால்கரியில் கிடைக்கும், ஒன்றரை மணி நேரப் பயணம், மாதம் ஒரு முறை போதும். இட்லி மாவை ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் வடித்த சோறு நறுக்கென்று நிற்கும், பருப்பு லேசில் வேகாது. ஆகவே குக்கர் மட்டும் இங்கிருந்து கொண்டு வா, தட்டையான அடி உள்ளதாக. ரப்பர் வளையம் இரண்டும் வெயிட் ஒன்றும் கூடுதலாக வாங்கிக்கொள்.