பயிற்சியாளரும் பம்பாயும்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் 45 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த ஆன்சன் டோரன்ஸ் நம் பம்பாயில் பிறந்தவராமே? நாம் பெருமைப்படலாம்தானே?
- வாசகர் ஒருவர், திருவாரூர்

பதில்: முதலில் இந்தப் 'பயிற்சியாளர்' கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். தொழில் செய்கிறவர் தொழிலாளர் என்றால், பயிற்சி செய்கிறவர்தானே பயிற்சியாளர்? சொல்லித் தருகிறவர் பயிற்றுநர். பல வருடங்களுக்கு முன் விளையாட்டுப் பக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். உதவி ஆசிரியர் அடித்துவிட்டு 'பயிற்சியாளர்' என்று போட்டார். நான் மறுபடி மாற்றினேன். அவர் அச்சுக்குப் போகும் நேரத்தில் கை வைத்தார். இதழ் வந்தபோது பக்கம் முழுக்க 'பயிற்றுநாளர்'. மூன்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். இரண்டு பேர் பிழை என்றார்கள். மூன்றாமவர் அந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

டோரன்ஸுக்கு மட்டும் உங்கள் சொல்லை அனுமதிக்கிறேன். 1977-ல் வட கரோலினா பல்கலைக்கழக ஆண்கள் அணி அவர் கைக்கு வந்தபோது அவரே இன்னும் பயிற்சி செய்கிற இருபதுகளில்தான் இருந்தார். சட்டமும் படித்துக்கொண்டிருந்தார், அப்புறம் அதைப் பாதியில் விட்டார். 1979-ல் பெண்கள் அணியும் சேர்ந்தது. 1988 வரை இரண்டையும் சுமந்தார். 1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்திருந்தது: அந்நாட்டு மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையத்தில் ஆண், பெண் பாகுபாடு கூடாது. அது வந்திராவிட்டால் இவருக்குச் சொல்லித்தர ஒரு பெண்கள் அணி கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். சட்டப் படிப்பை விட்டவரைச் சட்டம் விடவில்லை, பாருங்கள்.

வெற்றிக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 22 தேசியப் பட்டங்கள். அதில் 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது. எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை அல்ல, அவருடைய அறிவிப்புப் பலகை. அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆசான் டீன் ஸ்மித், பயிற்சியில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கச் சொல்வார். டோரன்ஸ் அதைப் பார்த்துவந்து தன் மைதானத்தில் இன்னும் கடுமையாக்கினார். ஒருத்திக்கு ஒருத்தி மோதலில் யார் ஜெயித்தது, ஓட்டத்தில் யார் முந்தியது, எல்லாவற்றுக்கும் மதிப்பெண், எல்லாருக்கும் வரிசை எண். அதைப் பலகையில் ஒட்டிவிடுவார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பள்ளியிலும் இப்படித்தான் ரேங்க் பட்டியல் ஒட்டுவார்கள். வகுப்பில் 42 பேர். என் பெயரைக் கீழேயிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். ஒரு முறை 41-ஆம் ரேங்க் வாங்கினேன். வீட்டில் பாயசம் வைக்கவில்லை என்பது இன்றும் மனத்தாங்கல். ஆனால் எங்களைப் பலகையில் ஒட்டியதால் நாங்கள் முன்னேறியதில்லை. அங்கே முன்னேறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற கால்பந்து வீராங்கனை மியா ஹாம் அந்தப் பலகையிலிருந்து வந்தவர்தான். பெண்கள் தோழியை வெளிப்படையாகத் தோற்கடிக்கத் தயங்குவார்கள், அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் இது என்பது டோரன்ஸ் கட்சி. தயக்கமாவது! என் அக்கா பல்லாங்குழியில் ஒரு சோழி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

1991-ல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை. இவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி குவாங்ஜோ இறுதியாட்டத்தில் நார்வேயை 2-1 என்று வென்றது. அப்போது ஃபிஃபா அதை 'உலகக் கோப்பை' என்று கூப்பிடவே கூச்சப்பட்டு, ஒரு மிட்டாயின் பெயரில் கோப்பை வைத்தது. ஆட்டமும் 80 நிமிடம்தான். பெண்கள் பத்து நிமிடம் அதிகம் ஓடினால் என்ன ஆகிவிடும் என்று பயந்தார்களோ, தெரியவில்லை.

பெருமைப்படுவதென்றால் மீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998-ல் முன்னாள் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், தங்கள் அந்தரங்கம் பற்றி அவர் பேசினார், துருவினார் என்று வழக்குப் போட்டார்கள். துன்புறுத்தல் என்பதை அவர் மறுத்தார். இரண்டும் சமரசத்தில் முடிந்தன. இரண்டாவது முடியப் பத்து வருடம் ஆனது. பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்தது, அவர் மன்னிப்பும் கேட்டார். பலகையில் மற்றவர்களை வரிசைப்படுத்தியவருக்கு வரிசை எண் போட ஆள் இல்லாமல் போனது.

சரி, பம்பாய். 1951-ல் பிறந்தார், வாஸ்தவம். அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை. குடும்பம் எத்தியோப்பியா, கென்யா, சிங்கப்பூர், பெல்ஜியம் என்று போய்க்கொண்டே இருந்தது. அத்தனை ஊர்க்காரர்களும் பெருமைப்பட வரிசையில் நிற்கிறார்கள். நமக்கு முதல் இடம், அவ்வளவுதான். பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் மதராஸில் பிறந்தவர், தெரியுமோ? இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் நாசர் ஹுசைனும்தான். அவர் நம்மை எதிர்த்து ஆடியபோது 'நம்ம ஊர்ப் பையன்' என்று யாரும் கைதட்டியதாக நினைவில்லை.

2024 ஆகஸ்டில் டோரன்ஸ் ஓய்வு பெற்றார். அவருடைய உதவியாளர் டேமன் நஹாஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, அந்த டிசம்பரிலேயே கோப்பையை வாங்கிவிட்டார். 2012-க்குப் பிறகு அந்த அணிக்கு அதுதான் முதல் பட்டம். நஹாஸ் எங்கே பிறந்தார் என்று அடுத்த வாரம் கேட்டு எழுதாதீர்கள்.