பேய்க்கதையும் வேண்டும், தூக்கமும் வேண்டும்

ஒன்பது வயது மகள் அடம்பிடித்துப் பேய்க்கதையாகவே படிக்கிறாள், ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை, புத்தகங்களை எடுத்து ஒளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பாதியில் நின்ற கதைதான் அதிகம் பயமுறுத்தும். மிச்சத்தை அவளே கற்பனை செய்துகொள்வாள், அது புத்தகத்தில் இருப்பதைவிட மோசமாக இருக்கும்.

என் பையனும் இப்படித்தான். அட்டைப்படத்தில் இருந்த கண்ணுக்குப் பயந்து, புத்தகத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அகராதியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் படுப்பான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதையேதான் எடுப்பான்! நாங்கள் படிக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். இன்னொன்று, அத்தியாய முடிவில் நிறுத்த விடாதீர்கள். திகிலை அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். அடுத்ததில் இரண்டு பக்கம் தாண்டி, கதை மூச்சு விடுகிற இடத்தில் மூடச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆஸ்கார் வைல்டு 1887-இல் எழுதிய 'கேன்டர்வில் பேய்' கதையைக் கொடுத்துப் பாருங்கள். சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேயிடம், சத்தம் தாங்கவில்லை, எண்ணெய் போடு என்று புட்டியை நீட்டுவார் வீட்டுக்காரர். இரட்டைப் பையன்கள் தலையணையை வீசுவார்கள். பயந்து ஓடுவது பேய்தான். முடிவு கொஞ்சம் கனமானது, அந்தப் பக்கங்களை மட்டும் கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

பகலிலேயே தனியாக ஓர் அறைக்குள் போக மறுக்கிறாள் என்றால், அப்போது சில வாரம் நிறுத்திவைக்கலாம்.